பழைய காரில் முள் தப்பாகக் காட்டினால்: டாஷ்போர்டு கேஜ் பழுது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, முள் வைத்த கேஜ், கம்ப்யூட்டர் நுழையாத வயரிங் கொண்ட கார்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 1950களிலிருந்து 1980கள் வரை வந்தவற்றில் பெரும்பாலானவை இதில் அடங்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். உங்களுடையது பாசிட்டிவ் எர்த் கார் என்றால், கேஜுக்குப் போகும் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் பற்றிய பதிலை நிதானமாகப் படியுங்கள்.

பெட்ரோல் கேஜ் செத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் பார்த்த அளவில் கேஜே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அது டாஷ்போர்டுக்குள், மழையும் சேறும் எட்டாத இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டேங்கில் மிதக்கும் ஃப்ளோட் ஏறி இறங்குவதற்கேற்ப மின்தடையை (ஓம்) மாற்றி அதற்குத் தகவல் அனுப்பும் டேங்க் யூனிட்டோ முப்பது நாற்பது வருஷமாகப் பெட்ரோலில் ஊறிக் கிடக்கிறது. வயர் காரின் அடிவயிற்றை ஒட்டிப் போகிறது. எர்த் இணைப்பு ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவை நம்பி நிற்கிறது. முதலில் கெடுவது எது என்று நீங்களே ஊகிக்கலாம்.

மின்சாரம் போகும் வழி இதுதான்: இக்னிஷன் சாவி, பியூஸ், சில கார்களில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர், பிறகு கேஜ், நீண்ட வயர், டேங்க் யூனிட், கடைசியில் பாடி எர்த். எளிதாகக் கை எட்டுவதிலிருந்து தொடங்குங்கள். பியூஸைக் கழற்றி அதன் இரு முனைகளையும் பிடிப்பானையும் சுத்தம் செய்வது இரண்டு நிமிஷ வேலை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பியூஸின் முனையில் படிந்த பச்சைப் பாசி மாதிரியான அழுக்கே பல நேரம் காரணமாக இருந்திருக்கிறது.

என் காரில் இருப்பது எந்த வகை கேஜ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாவியைத் திருப்பிவிட்டு முள்ளைப் பாருங்கள். பத்து, இருபது விநாடி எடுத்துக்கொண்டு சோம்பலாக ஏறினால் அது பைமெட்டல் கேஜ். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்றின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சாவியைத் திருப்பிய உடனே முள் சட்டென்று பாய்ந்தால் அது காந்தச் சுருள் கேஜ்.

இதை முதலில் தெரிந்துகொள்வது முக்கியம். பைமெட்டல் வகை வோல்டேஜ் ஏறி இறங்கினால் தவறாகக் காட்டும், அதனால் அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும். காந்தச் சுருள் வகைக்குப் பொதுவாக அது தேவையில்லை.

பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் ஒன்றாக மேலே ஏறி நிற்கின்றன. எஞ்சின் கொதிக்கிறதா?

இரண்டும் சேர்ந்தே தவறாகக் காட்டினால் சந்தேகம் நேராக ஸ்டெபிலைசர் மேல் போக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அதுதான்.

என் காரில் இது நடந்தபோது நான் பயந்துபோய் வண்டியை ஓரம்கட்டினேன். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. புறப்பட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்புதான். அப்போதுதான் பெட்ரோல் முள்ளைக் கவனித்தேன். பாதி டேங்க்தான் இருந்தது, முள்ளோ ஃபுல்லைத் தாண்டி ஒதுங்கி நின்றது. வீட்டுக்கு வந்து கிளஸ்டரை, அதாவது கேஜ்கள் எல்லாம் சேர்ந்த டாஷ்போர்டுத் தொகுப்பை, கழற்றினேன். பின்பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா, ஒரே ஒரு ஸ்க்ரூவில் பிடித்திருந்தது. ஸ்க்ரூவை எடுத்ததும் அடியில் காபிக்கறை மாதிரி வட்டமாகத் துரு. உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு, துளி வாஸ்லின் தடவித் திரும்ப முடுக்கினேன். சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் முள் மெதுவாக ஏறி, பாதியில் வந்து நின்றது.

நடந்தது இதுதான். பழைய ஸ்டெபிலைசருக்குள்ளும் ஒரு பைமெட்டல் பட்டைதான் இருக்கிறது. அது சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதால் சராசரியாக 10 வோல்ட் கேஜுக்குப் போகும். பட்டையைச் சூடாக்கும் கம்பி எர்த் ஆவது அந்த டப்பாவின் உடம்பு வழியாக. எர்த் போனால் பட்டை சூடாகாது, தொடர்பு அறுபடாது, பேட்டரியின் முழு வோல்டேஜும் கேஜுக்குள் இறங்கும். இரண்டு முள்ளும் ஏறிவிடும். அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் கேஜுக்குள் இருக்கும் கம்பியே கருகிப்போகலாம். மாறாக, இரண்டு முள்ளும் எழவே இல்லை என்றால் ஸ்டெபிலைசருக்குள் தொடர்பு அறுந்திருக்கலாம், அல்லது அதற்கு மின்சாரமே வரவில்லை.

எர்த்தைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லையென்றால் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டரை அதன் இடத்தில் வைக்கலாம். அது விட்டுவிட்டு இல்லாமல் சீராக 10 வோல்ட் தரும். முதுகு உலோகத் தகட்டில் ஒட்டியிருந்தால் சூடு தணியும். சில அமெரிக்கக் கார்களில் சராசரி 5 வோல்ட்தான். அங்கே போட வேண்டியது 7805. பாசிட்டிவ் எர்த் காருக்கு 7910 வேண்டும். அதில் கால்களின் வரிசையே வேறு. அதன் முதுகும் எர்த் கிடையாது, பாடியில் படாமல் இன்சுலேட் செய்துதான் பொருத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்டெபிலைசரை டிஜிட்டல் மல்டிமீட்டரில் சோதித்தால் எண்கள் 0க்கும் 12க்கும் இடையே குதிக்கும். அதைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் ஸ்டெபிலைசரும் அப்படித்தான் காட்டும்.

ஒரு கேஜ் மட்டும்தான் வேலை செய்யவில்லை. பழுது கேஜிலா, யூனிட்டிலா?

யூனிட்டில் இருக்கும் வயரைக் கழற்றி, அதை எர்த் செய்து பார்ப்பதுதான் காலங்காலமாகச் செய்யும் சோதனை. நேராக எர்த்தில் தொடாமல், நடுவில் 10 அல்லது 15 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் செய்யுங்கள். முதலில் சாவி ஆஃப். வயரையும் ரெசிஸ்டரையும் கிளிப் போட்டு இணைத்த பிறகு சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் மின்சாரம் பாயும் வயரைத் தட்டித் தட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. பொறி ஒன்று போதும்.

முள் ஃபுல் பக்கம் ஏறினால் கேஜும் வயரும் நலம், பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. ஏறாவிட்டால் இதே சோதனையைக் கேஜின் பின்முனையில் செய்யுங்கள். அங்கே ஏறினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் ஏறாவிட்டால், கேஜுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கேஜைக் குறை சொல்ல வேண்டும். முள் ஏறியதும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள், நிமிஷக்கணக்கில் விடாதீர்கள்.

எல்லாக் காரிலும் எர்த் செய்தால் ஃபுல் காட்டாது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் யூனிட்டின் அளவு 0 ஓம் என்றால் காலி, 90 ஓம் என்றால் ஃபுல். அவற்றில் வயரைக் கழற்றினால் முள் ஃபுல்லைத் தாண்டும், எர்த் செய்தால் காலிக்கு இறங்கும்.

ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறது. இது என்ன மாயம்?

கிளஸ்டரின் எர்த் சரியில்லை. நல்ல எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்தில் இருக்கும் பல்பு, கேஜ் வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கிறது. இண்டிகேட்டர் போடும்போது முள் தாளம் போட்டாலும் இதே காரணம்தான். கிளஸ்டரின் உலோகப் பகுதியிலிருந்து பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்துக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுங்கள். நான் கை வைக்கும் ஒவ்வொரு பழைய காரிலும், பழுது இருக்கிறதோ இல்லையோ, இதைச் செய்துவிடுகிறேன்.

டேங்க் யூனிட்டைக் கழற்றி எப்படிச் சோதிப்பது?

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, திறந்தவெளியில், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருப்ப இரும்பு உளியும் சுத்தியலும் வேண்டாம். பித்தளைக் கம்பியோ கெட்டியான மரத்துண்டோ வைத்துத் தட்டுங்கள். இரும்பும் இரும்பும் மோதினால் பொறி வரும், டேங்கில் பெட்ரோலைவிட ஆபத்தான பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும்.

வெளியே எடுத்து ஆவி போக உலர்ந்ததும் மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் டெர்மினலிலும் மற்றதை அதன் உடம்பிலும் பிடியுங்கள். ஃப்ளோட் கையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் எங்காவது தொடர்பே இல்லை என்று காட்டிவிட்டுத் திரும்ப வந்தால், அந்த இடத்தில் கம்பிச் சுருள் தேய்ந்திருக்கிறது. கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: மயிரிழைபோலச் சுற்றிய கம்பியின் மேல் தொடுமுனை போய் வந்து போய் வந்து பளபளப்பான ஒரு பாதை போட்டிருக்கும். அந்தப் பாதை எங்கே அறுகிறதோ அங்கேதான் உங்கள் முள் விழுகிறது. பெரும்பாலும் அரை டேங்கை ஒட்டிய பகுதி அதிகம் தேயும், ஏனென்றால் ஃப்ளோட் அங்கே ஆடிக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம். அழுக்கு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். தொடுமுனையைத் துளி வளைத்து அழுத்தம் கூட்டலாம். கம்பி அறுந்திருந்தால் மாற்றுவதே நல்லது.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. அது மூழ்கிவிடும், டேங்க் நிரம்பியிருந்தாலும் காலி என்று காட்டும். பித்தளை ஃப்ளோட்டில் பற்றவைத்து ஓட்டையை அடைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே பெட்ரோல் இருக்கும் ஃப்ளோட்டைச் சூடாக்கினால் வெடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். புது ஃப்ளோட் போடுங்கள்.

புது யூனிட் போட்டேன். இப்போது ஃபுல் டேங்குக்குக் காலி என்று காட்டுகிறது!

ஓம் அளவு பொருந்தவில்லை. ஒரு வகையில் காலிக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33 ஓம். இன்னொரு வகையில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. ஃபோர்டு கார்கள் பலவற்றில் காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. முதல் வகை யூனிட்டை இரண்டாம் வகை கேஜோடு சேர்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் வரும். அதனால் பழைய யூனிட்டைத் தூக்கிப்போடும் முன் அதன் இரு கோடி அளவுகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

டெம்பரேச்சர் கேஜ் காட்டுவதை நம்பலாமா?

முள் உயர்ந்தால் முதலில் நம்புங்கள், வண்டியை நிறுத்துங்கள். சந்தேகத்தை எஞ்சின் ஆறிய பிறகு தீர்த்துக்கொள்ளலாம். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் உறை மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் உண்மை தெரியும். பல கார்களில் தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கும், அதை ஒட்டிய அளவு வர வேண்டும்.

முள் திடீரென்று இறங்கினாலும் நிம்மதியடையாதீர்கள். கூலன்ட் ஒழுகித் தீர்ந்துபோனால் சென்சார் நீரில் இல்லாமல் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே கேஜ் குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சின்கள் இப்படித்தான் போயிருக்கின்றன.

சென்சாரைச் சோதிக்க, அதன் முனை மட்டும் மூழ்கும்படி ஒரு பாத்திரத் தண்ணீரில் பிடித்துச் சூடாக்குங்கள். தண்ணீர் சூடாக ஆக ஓம் குறைந்துகொண்டே வர வேண்டும். பல கார்களில் இது சில நூறு ஓமில் தொடங்கிக் கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓமுக்கு வரும். திரும்பப் பொருத்தும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

சில பழைய கார்களில் வயரே இருக்காது; எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக்குழாய் ஒன்று நேராகக் கேஜுக்குப் போகும். அதற்குள் ஈதர் அடைத்திருக்கும். குழாய் ஒடிந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை, அதற்கென்று இருக்கும் நிபுணரிடம்தான் தர வேண்டும். எஞ்சினை இறக்கும்போது அதை மடக்காமல் சுருட்டி ஓரமாகக் கட்டி வையுங்கள்.

ஆயில் பிரஷர் பூஜ்யம் காட்டுகிறது. சென்சார் கோளாறுதானே?

இருக்கலாம். ஆனால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அதை யோசிக்காதீர்கள். அந்த விநாடியே ஆஃப் செய்யுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரி என்றால் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிச் சோதியுங்கள். சூடான எஞ்சினில் 1000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிஷத்துக்கு 1000 சுற்று) 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். பெட்ரோல் கேஜ் ஏமாற்றினால் வழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான். இது ஏமாற்றினால் எஞ்சினே போய்விடும்.

ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குகிறது, சில நேரம் கிறீச்சென்று சத்தம் வருகிறது.

கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. கேபிளுக்கும் முள்ளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கேபிள் சுழற்றுவது ஒரு காந்தத்தை. காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் அதைச் சூழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஓட்டோ ஷூல்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கக் கார்களில் ஓடியது. எனக்கு இன்றும் இதைத் திறந்து பார்ப்பதில் அலுப்பே வருவதில்லை.

உள் கேபிளை உருவி எடுத்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து U வடிவில் தொங்கவிட்டு, ஒரு முனையை விரலால் மெதுவாக உருட்டுங்கள். நல்ல கேபிள் சீராகச் சுழலும். கோணல் விழுந்தது ஓரிடத்தில் தயங்கித் துள்ளும். அந்தத் துள்ளல்தான் முள்ளில் நடுக்கமாகத் தெரிகிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். நன்றாக இருந்தால் கீழ்ப்பகுதிக்கு மெல்லிய கிரீஸ் தடவி, ஸ்பீடோமீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்தை உலர்வாகவே விடுங்கள். அங்கேயும் தடவினால் சுழலும் கேபிளோடு கிரீஸ் மேலே ஏறிக் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகும், பிறகு முள் தன்னிஷ்டத்துக்கு ஆடும்.

புது கேபிளும் சீக்கிரத்தில் அறுந்தால் குற்றம் ஸ்பீடோமீட்டருக்குள். கேபிள் நுழையும் சதுரத் துளையில் சின்னக் குச்சி ஒன்றைச் செருகி விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும்.

அளவு சரியா என்று மேஜையில் வைத்தே பார்க்கலாம். டயலில் சின்னதாக ஒரு எண் அச்சாகியிருக்கும், ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ கேபிள் எத்தனை சுற்று என்று. ஒரு கிலோமீட்டருக்கு 1000 சுற்று என்றால், டிரில் மெஷினில் நிமிஷத்துக்கு 1000 சுற்று கொடுத்தால் முள் 60இல் நிற்க வேண்டும். சுழலும் திசையை முதலில் கையால் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேகம் காட்டுகிறது, ஆனால் கிலோமீட்டர் எண் ஓடவில்லை.

ஓடோமீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகி விரிசல் விட்டிருக்கும். வண்டி ஓடும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் பழக்கம் இதைச் சீக்கிரம் உடைக்கும். சக்கரத்தை மாற்றும்போது எண்களைத் தொடாதீர்கள். எண் நின்ற தேதியையும் அளவையும் எழுதி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். ஓடிய தூரத்தை மாற்றிக் காட்டுவது பல நாடுகளில் குற்றம், எங்கேயும் அடுத்து வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

கிளஸ்டரைக் கழற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஸ்பீடோ கேபிளை விடுவிக்காமல் கிளஸ்டரை இழுக்காதீர்கள். ஒவ்வொரு வயரையும் எடுக்கும் முன் போனில் படம் பிடியுங்கள்.

பல கார்களில் பின்பக்கம் செம்புக் கோடுகள் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதன் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இங்கே உப்புத்தாள் கூடாது, செம்பு அவ்வளவு மெல்லியது. கோடு விரிசல் விட்டிருந்தால் மெல்லிய வயர் ஒன்றை மேலே வைத்துச் சால்டர் செய்யலாம், சூடான சால்டரிங் முனையைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.

டயலின் எழுத்தைத் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். ஆல்கஹாலோ தின்னரோ பட்டால் எழுத்து கையோடு வந்துவிடும். முள்ளுக்குப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. கனம் கூடினால் சமநிலை மாறும்.

எல்லா பல்பையும் எல்.ஈ.டி.யாக மாற்றலாமா?

வெளிச்சத்துக்கு இருப்பவற்றை மாற்றலாம். சார்ஜிங் எச்சரிக்கை பல்பை மட்டும் விட்டுவிடுங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யத் தொடங்குவதே அந்த பல்பு வழியாக வரும் சிறு மின்னோட்டத்தால்தான். எல்.ஈ.டி.யில் அது போதாது.

அம்மீட்டரை என்ன செய்வது?

பேட்டரிக்கு மின்னோட்டம் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று காட்டுவது அம்மீட்டர். காரின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. பின்னால் நட் தளர்ந்தால் சூடாகி வயர் உருகும். ஒவ்வொரு முறை கிளஸ்டர் வெளியே வரும்போதும் அந்த இரண்டு நட்டையும் முடுக்குங்கள். வோல்ட்மீட்டராக மாற்றினால் இன்னும் நல்லது: எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்க வேண்டும். வோல்ட்மீட்டரை அம்மீட்டரின் இடத்தில் அப்படியே வைக்க முடியாது. அம்மீட்டரின் இரு தடித்த வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி இன்சுலேட் செய்துவிட்டு, வோல்ட்மீட்டருக்கு பியூஸோடு தனி வயர் எடுக்க வேண்டும்.

பெட்ரோல் கேஜைச் சரிசெய்தாயிற்று. சரியாகக் காட்டுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சாவியைத் திருப்பி ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். கண்ணாடியின் மேல் ஒட்டிய டேப்பில் முள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். இடைவெளிகள் ஒரே மாதிரி இருக்காது, டேங்கின் வடிவம் அப்படி. முக்கியமானது, முள் காலியைத் தொடும்போது டேங்கில் உண்மையில் எத்தனை லிட்டர் மிச்சம் என்பது. என் காரில் அது ஆறு லிட்டர். அட்டையில் எழுதிச் சன்வைசருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன், வேறு யார் ஓட்டினாலும் தெரியட்டும் என்று.